வாடும் முடியும் வாடா முடியும்



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் கிழமையில் எமது அலுவலகத்தில் ஓய்வென்பதில்லை. வாழ்த்துச் செய்திகளும் புகைப்படங்களும் வந்த வண்ணமிருக்கும். அத்தகைய ஒரு நாள், எமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத் தலைவர் தம் மகனின் படத்துடன் வந்தார். மூன்று பாடங்களிலும் 'ஏ' சித்தி. மருத்துவபீடம் நிச்சயம். அவர் முகத்திலிருந்த பூரிப்பைக் கண்டு நானும் மகிழ்ந்தேன். படத்தை எந்தப் பக்கத்தில் போடுவது, எத்தனை அங்குலம் விடுவது என்று பேசி முடித்து, தேநீரும் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மாலைப் பூசை முடிந்து கோவிற் கதவைச் சாத்தப் போனபோது, கடைசி வாங்கில் ஒரு தாய் இருக்கக் கண்டேன். அவருடைய மகனும் அதே பரீட்சையை எழுதியவன்தான்; இரண்டாவது தடவை. இரண்டு பாடங்கள் தவறிவிட்டன.

"சுவாமி, நான் மடு மாதாவுக்கு நேர்ந்தனான். ஆடித் திருவிழாவுக்கும் போனனான். மாதா ஏன் என்ர பிள்ளையைக் கைவிட்டவ?"

நான் சொன்ன மறுமொழி இதுதான்: "கவலைப்படாதேங்கோ அம்மா, மூன்றாம் முறை எடுத்துப்போடுவான்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். இரவு சாப்பாட்டு மேசையில் இருந்தபோதுதான் நான் சொன்னதன் பொருள் எனக்கு உறைத்தது. மாதா கைவிடவில்லை, சற்றே தாமதிக்கிறா என்றல்லவா சொல்லிவிட்டேன்! கடவுளின் தயவைப் பெறுபேற்றுத் தாளில் வாசித்து அறியலாம் என்ற அவருடைய எண்ணத்துக்கு, குருமடத்தில் வேதசாத்திரம் படித்த நானே கையொப்பம் வைத்துவிட்டேன். காலையில் வந்த தகப்பனாருடன் அங்குலக் கணக்குப் பேசியபோதும் நான் செய்தது அதைத்தான்.

இந்தக் கிழமைப் பாடம் அந்தத் தாய்க்கு நான் கடன்பட்டிருக்கும் மறுமொழி. வேதாகமத்தை எடுத்து, புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் வசனத்திலிருந்து 27ஆம் வசனம் வரை ஒருமுறை வாசித்துவிட்டு மேலே தொடருங்கள்.

ஓட்டப் பந்தயத்தைப் பற்றி அங்கே அப்போஸ்தலர் பேசுகிறார். ஓடுகிறவர்கள் பலர், பரிசு பெறுகிறவன் ஒருவன். அவர்கள் அழிந்துபோகும் ஒரு முடிக்காகத் தங்களை ஒடுக்குகிறார்கள், நாமோ அழியாத முடிக்காக ஓடுகிறோம் என்பது அவருடைய வாதம். இது வெறும் உவமையலங்காரமன்று. கொரிந்து நகருக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில், இஸ்த்மியா என்ற இடத்தில், கடற்தெய்வத்தின் கோவிலையொட்டி இரண்டு ஆண்டுக்கொரு தடவை பெரும் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்று வந்தன. சின்னப்பர் கொரிந்தில் பதினெட்டு மாதம் தங்கியிருந்தார் என்று அப்போஸ்தலர் பணி 18ஆம் அதிகாரம் கூறுகிறது. கல்லியோன் என்ற உரோமை ஆளுநன் அங்கே பதவியிலிருந்த காலம் அது. தெல்பி நகரிற் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்வெட்டைக் கொண்டு அதனை ஏறத்தாழ கி.பி. 51ஆம் ஆண்டு என அறிஞர் கணித்துள்ளனர். ஆகவே போட்டிகளை அவர் நேரிலே கண்டிருக்கக்கூடும். கூடாரத் தொழில் செய்து சீவித்தவருக்கு, திரண்டு வந்த சனங்களுக்குக் கூடாரம் தைத்துக் கொடுக்கும் வேலையும் கிடைத்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உளர்.

வென்றவனுக்கு என்ன கொடுத்தார்கள்? இங்கேதான் கவனிக்க வேண்டும். இஸ்த்மியாவில் ஒரு காலத்தில் பைன் மரக் கிளையால் முடி செய்தார்கள். இன்னொரு காலத்தில் செலரி என்னும் ஒருவகைக் கீரையால் முடைந்தார்கள். அதுவும் பச்சைக் கீரையன்று, காய்ந்த கீரை. தலையில் ஏறும்போதே வாடிப்போயிருந்த முடி! மாதக்கணக்காக உணவை ஒறுத்து, உறக்கத்தை ஒறுத்து, உடம்பை வருத்திய ஒரு வாலிபன் கடைசியில் பெற்றது கறிக்கும் உதவாத ஒரு பிடி கீரை.

வாலிபர் என்ன, கீரைக்காகவா ஓடினார்கள்? இல்லை. அந்தக் கீரையின் பின்னால் வேறு பல காரியங்கள் நின்றன. அதென்சு நகரத்துச் சட்டவாளர் சோலோன், இஸ்த்மியாவில் வென்ற தன் நகரத்தானுக்கு 100 திராக்மா கொடுக்க வேண்டுமென விதித்தார் எனப் புளூட்டார்க் எழுதியுள்ளார். ஊருக்குத் திரும்பினால் வரவேற்பு, புலவர் பாட்டு, சிலருக்குச் சிலையுங்கூட. எங்கள் ஊர்ப் பாசையிற் சொன்னால் மாலை, மேளம், பெரிய 'பனர்', நல்ல இடத்துச் சம்பந்தம். முடி வாடினாலும் பெயர் வாடாது என்று நம்பித்தான் ஓடினார்கள். அந்தப் பெயர்களில் எத்தனையை இன்று நீங்கள் அறிவீர்கள்?

அந்தப் பந்தயத்தின் இன்னொரு குணத்தையும் சின்னப்பர் ஒரு சொல்லிலே தொட்டுக் காட்டுகிறார். பரிசு ஒருவனுக்கு மாத்திரமே. ஒருவன் வெல்வதற்கு மற்றவர்கள் தோற்றாக வேண்டும். ஆகையால் பக்கத்தில் ஓடுகிறவன் சகோதரனாக இருக்க முடியாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பத்து வயதுப் பிள்ளை தன் கொப்பியைக் கையால் மறைத்து எழுதுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதை யார் கற்றுக்கொடுத்தது? 'அவளைவிட இரண்டு புள்ளி குறைவு' என்று நாம் வீட்டிற் சொன்ன சொல்தான் கற்றுக்கொடுத்தது. ஆனால் அதே சின்னப்பர் தம் கடைசிக் காலத்தில் திமோத்தேயுவுக்கு எழுதும்போது, நீதியின் முடி தமக்கு ஆயத்தமாயிருக்கிறதென்று கூறிவிட்டு, தமக்கு மாத்திரமல்ல, ஆண்டவரின் வருகையை விரும்பிக் காத்திருக்கும் யாவருக்குமே என்று உடனே சேர்த்துக்கொள்கிறார் (2 திமோ. 4:8). எல்லாரும் முடி பெறக்கூடிய ஒரு பந்தயம்! அப்படியானால் பக்கத்தில் விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவதால் எனக்கு நேரம் வீணாகாது. அதுவே ஓட்டத்தின் ஒரு பகுதி.

நான் ஏன் 19ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன் என்பது இப்போது விளங்கும். பிரசங்கங்களில் பெரும்பாலும் 24ஆம் வசனத்திலிருந்தே தொடங்குகிறோம். அதனால், சின்னப்பர் எதற்காகத் தம்மை ஒடுக்கினார் என்பது கேட்பவர்களுக்குப் புலப்படாமற் போய்விடுகிறது. எல்லாரிடமிருந்தும் விடுதலை பெற்றவராயிருந்தும் எல்லாருக்கும் அடிமையானேன், பலவீனருக்குப் பலவீனனானேன் என்கிறார். ஊதியம் பெறும் உரிமை அவருக்கு இருந்தது, வேண்டாமென்று விட்டார். விரும்பிய உணவை உண்ணும் உரிமை இருந்தது. உறுதியில்லாத ஒரு சகோதரன் இடறக்கூடாதென்று அதையும் விட்டார். இந்த விட்டுக்கொடுப்புக்களைத்தான் அவர் 'ஓட்டம்' என்கிறார். எனவே, உலகத்திற் பெரிய ஆளாக வரவேண்டும் என்ற ஆசையை அப்படியே தூக்கி, மோட்சத்தில் பெரிய ஆளாக வரவேண்டும் என்று மாற்றி வைத்துக்கொள்வது இங்கே கற்பிக்கப்படவில்லை. அதுவும் ஒருவகைப் பேராசையே. செபேதேயுவின் மனைவி தன் இரு பிள்ளைகளுக்கும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டு வந்ததை நினைத்துப் பாருங்கள் (மத். 20:20). பிள்ளைகளுக்கு நல்ல 'இடம்' தேடும் தாய்மாருக்கு அவர் ஒரு முன்னோடி!

யேசுவின் மலைப் பிரசங்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. பிறர் காணவேண்டுமென்று தருமம் செய்கிறவர்கள் தங்கள் கைம்மாறைப் பெற்றாயிற்று என்று அவர் சொல்லுமிடத்தில் (மத். 6:2), கிரேக்க மூலத்தில் 'அபெக்கோ' என்ற வினைச்சொல் வருகிறது. எகிப்திய மணலிலிருந்து கண்டெடுத்த பழைய வணிகக் காகிதங்களில் அதே சொல் பற்றுச்சீட்டுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. 'பணம் முழுவதும் கிடைத்தது, கணக்குத் தீர்ந்தது' என்பது பொருள். அதாவது, புகழுக்காகச் செய்தவனுக்குப் புகழ் கிடைத்தது, பற்றுச்சீட்டும் எழுதியாயிற்று, பிதாவிடம் கேட்பதற்கு இனி அவனுக்குப் பாக்கியொன்றும் இல்லை. எங்கள் கோவில்களில் மின்விசிறியின் இதழ்களிலுங்கூட உபகாரியின் பெயர் எழுதியிருப்பதைக் காணும்போது எனக்கு இந்தப் பற்றுச்சீட்டுத்தான் ஞாபகம் வரும். (இதை வாசித்துவிட்டு எந்தப் பங்கின் மூப்பராவது என்னோடு கோபித்தால், அவரோடு இருந்து பேசுவதற்கு நான் ஆயத்தம்.)

"அப்படியானால் கைம்மாறை எதிர்பார்ப்பதே பிழையா, சுவாமி?" என்று ஒருவர் கேட்கலாம். பிழையென்று யேசு சொல்லவில்லை. மறைவாய்ச் செய்வதைக் காணும் பிதா கைம்மாறு தருவார் என்று அவரே வாக்களித்திருக்கிறார். எங்கள் பாட்டிமார் ஞானோபதேசத்திற் படித்த 'சம்பாவனை' என்ற பழஞ்சொல் அதுவே. 1547ஆம் ஆண்டு திரிதெந்தீன் பொதுச்சங்கம் இதனை நுணுகி ஆராய்ந்து, நித்திய சீவியம் தேவன் தம் பிள்ளைகளுக்கு இரக்கத்தோடு வாக்களித்த அருளாகவும், அவர்களுடைய நற்கிரியைகளுக்குரிய கைம்மாறாகவும் இருக்கிறது என்று போதித்தது. கூலி பேசிச் செய்த வேலைக்குக் கூலி கொடுப்பது போன்றதன்று இது. தகப்பன் கொடுத்த காசில் பிள்ளை தகப்பனுக்கே ஒரு வேட்டி வாங்கிக் கொடுக்கிறது. தகப்பன் அதனை உடுத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிகிறார். கைம்மாறு அவ்வளவுதான். புனித அகுஸ்தீனாரின் எண்ணமும் இதுவே: நம் பேறுபலன்களுக்கு முடி சூட்டும்போது கடவுள் தம்முடைய கொடைகளுக்கே முடி சூட்டுகிறார்.

நிலைப்பது எது, நிலையாதது எது என்பதை விளக்க எங்களுக்குக் கிரேக்க தேசம் போகத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா காணி உறுதியையும் எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் ஒரு பையிற் போட்டு, வீட்டைப் பூட்டி, திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டார். அந்த வீட்டைக் கட்ட அவருக்குப் பதினொரு வருடம் எடுத்தது. ஆறு மாதம் தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். ஒவ்வொரு நாளும் மாலைச் செபம் முடிந்ததும் அவர் இடுப்பைத் தடவிப் பார்ப்பார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது. திறப்பதற்குக் கதவில்லை, கதவை மாட்டியிருந்த நிலையுமில்லை. பூச்சியும் துருவும் திருடரும் என்று யேசு எண்ணிச் சொன்னவை (மத். 6:19) எங்கள் தலைமுறைக்கு உவமைகளல்ல.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அந்த ஆறு மாதமும் எங்களுக்குக் கொட்டில் போட இடம் தந்த வீட்டுக்காரி ஒரு விதவை. எங்கள் சமயத்தவருமல்ல. முப்பது பேருக்குத் தன் கிணற்றைத் திறந்துவிட்டவர். அப்பா தம் வீட்டைப் பற்றிப் பின்னாளில் பேசியது குறைவு. அந்தக் கிணற்றைப் பற்றிச் சாகும்வரை பேசினார்.

இனி, இந்தப் பாடத்தைத் தம் சீவியத்தில் எழுதிக்காட்டிய ஒருவரிடம் போவோம். எங்கள் சில்லாலை மண்ணில் ஒளித்திருந்த புனித யோசேவ் வாஸ் அடிகளாரைச் சொல்கிறேன். அவர் 1651இல் கோவைச் சேர்ந்த ஒரு கொங்கணிப் பிராமண குடும்பத்திற் பிறந்தவர். பெயர்பெற்ற பிரசங்கி. கன்னட நாட்டு மிசனுக்குத் தலைவராக அனுப்பப்பட்டவர். கோவாவில் 'ஒறற்றோறியன்' குருக்கள் சபை உருவானபோது அதற்கு முதல்வராகவும் இருந்தார். முப்பத்தைந்து வயதில் ஒரு குருவுக்கு இதைவிட என்ன முன்னேற்றம் வேண்டும்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 1687இல் ஒரு கூலியாள் வேடத்தில் இலங்கைக்குத் தோணியேறினார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த நாள்முதல் குருக்கள் துரத்தப்பட்டு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக எங்கள் முன்னோருக்குப் பூசையில்லை. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடும் வயிற்றோட்டத்தால் சாகும் தறுவாயிலிருந்தார். குணமடைந்ததும் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மலருகிறதென்று பார்த்துத்தான் கத்தோலிக்கரை இனங்கண்டார்.

உயர்குலத்துப் பிராமணர் ஒருவர் எல்லாப் படலையிலும் கையேந்தி நின்றார் என்பதை யாழ்ப்பாணத்தவர்களாகிய நாம் சற்று ஆறுதலாகச் சிந்திக்க வேண்டும். வாங்கில் யார் பக்கத்தில் யார் இருப்பதென்று பார்த்த கோவில்களும் நம்மிடையே இருந்தனவல்லவா? அடிமையானேன் என்ற சின்னப்பரின் சொல்லை அவர் எழுத்துக்கெழுத்து எடுத்துக்கொண்டார்.

வெற்றி தோல்விக் கணக்குப் பார்த்தால் அவருடைய ஏடு எப்படியிருக்கும்? யாழ்ப்பாணத்தில் 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் விசுவாசிகள் பிடிபட்டனர். அடிகளார் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்க நேர்ந்தது. 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றனென்று சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டி நகரில் அம்மை நோய் பரவி, வீட்டவர்களே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவரும் அவர் உறவினரான யோசேவ் கர்வாலோ அடிகளும் எந்தச் சமயத்தவரென்று பாராமல் நோயாளரைக் கழுவினார்கள், கஞ்சி கொடுத்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். ஆயர் பதவிக்கு அவர் பெயர் பேசப்பட்டபோது வேண்டாமென்று மறுத்தார். 1711 ஜனவரி 16ஆந் திகதி கண்டியில் இறந்தார். அவரை அடக்கஞ்செய்த இடம் இதுவென்று இன்றுவரை திட்டமாகக் காட்டுவாரில்லை.

2015 ஜனவரி 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது இலட்சக்கணக்கானோர் கூடியிருந்தனர். உங்களிற் பலரும் போயிருப்பீர்கள். "பாருங்கள், மறைவாகச் செய்தவருக்குக் கடைசியில் எவ்வளவு பெரிய மரியாதை!" என்று அன்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர். ஆனாலும் எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. காலிமுகத்திடல் நமக்காக நடந்த காரியம். 304 வருடம் சென்றபின் கிடைத்த கைதட்டலுக்காகவா அவர் கண்டியில் அம்மைப் புண்களைக் கழுவினார்? திருச்சபை அவரை மறந்தே போயிருந்தாலும், அவருக்குரிய முடியில் ஓர் இலையும் குறைந்திராது. பெயர் தெரியாமல் அவருக்குத் துணைநின்று ஒல்லாந்தரிடம் அடிபட்ட எங்கள் முன்னோருக்குப் பிரகடனமுமில்லை, படமுமில்லை. அவர்களுடைய முடி எந்த விதத்தில் குறைந்தது?

கல்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இல்லாவிட்டால் 'சுவாமி படிக்க வேண்டாமென்று எழுதிவிட்டார்' என்று யாராவது சொல்லித் திரிவார்கள். ஊர்தோறும் கோவிலுக்குப் பக்கத்திற் பள்ளிக்கூடம் கட்டியது நமது திருச்சபைதான். தாலந்தைப் புதைத்து வைத்தவனை ஆண்டவர் மெச்சவில்லை. பரீட்சைக்கு முன் பிள்ளைகள் பேனைகளை ஆசீர்வதிக்கக் கொண்டுவருகிறார்கள், மனமார ஆசீர்வதிக்கிறேன். மருத்துவபீடம் போகும் அந்த மகனும் நன்றாகப் படித்து, நம் சனத்துக்கு நல்ல வைத்தியராக வரவேண்டும். ஆனால் 3ஆம் அதிகாரத்தில் அதே சின்னப்பர் சொல்வதுபோல, ஒவ்வொருவன் கட்டிய வேலையும் நெருப்பினாற் சோதிக்கப்படும். பொன்னும் வெள்ளியும் நிற்கும், வைக்கோல் எரிந்துபோகும். வைத்தியத் தொழில் பொன்னா வைக்கோலா என்று அத்தொழிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. கண்டியில் அடிகளார் செய்ததும் ஒருவகையில் வைத்தியமே. நோயாளியின் அருகில் இருந்தவர் யார், எதற்காக இருந்தார் என்பதை நெருப்பு அறியும்.

ஒரு சிறு பயிற்சி தருகிறேன். இந்தக் கிழமை மாலைச் செபத்தின்பின் பிள்ளைகளிடம் புள்ளிகளைப் பற்றிக் கேட்பதற்கு முன், "இன்று யாருக்காக எதையாவது விட்டுக்கொடுத்தாயா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் உங்களை ஒருவிதமாகப் பார்க்கும். அவையும் உங்களிடம் திருப்பிக் கேட்கட்டும்.

அந்தத் தாயின் வீட்டுக்கு இரண்டு கிழமை கழித்துப் போனேன். (பெயரும் ஊரும் சொல்லமாட்டேன், எழுதுவதற்கு அவர் சம்மதம் தந்திருக்கிறார்.) விறாந்தையில் அவருடைய தகப்பனார் படுத்திருந்தார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காது; பேச்சும் இல்லை. பரீட்சையில் தவறிய அந்தப் பெடியன் ஒரு வாளித் தண்ணீரும் துவாயும் வைத்துக்கொண்டு அவரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கும்போது கிழவரின் இடக்கை அவன் சேட்டின் நுனியைப் பிடித்தபடியே இருந்தது.

"இப்பிடித்தான் சுவாமி," என்றார் தாய். "விழுந்து ஒண்டரை வருசம். நான் தையலுக்குப் போனா இவன்தான் எல்லாம். ரியூசனுக்குப் போற நேரமெல்லாம் இதிலதான் போட்டுது."

நான் அன்று கோவிலில் சொன்னதைத் திருத்திச் சொன்னேன். சரியாகச் சொன்னேனோ தெரியாது. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நேர்த்தியை என்ன செய்யிறது?" என்றார்.

"செலுத்துங்கோ அம்மா. மாதா கைவிடேல்லை."

அவர் என்னை விளங்காதவர்போலப் பார்த்தார். அதற்குள் விறாந்தையிலிருந்து அந்தப் பிள்ளை, "சுவாமி, அப்புவை ஒருக்காப் பிடிக்கிறியளோ? சாரம் மாத்த வேணும்" என்று கூப்பிட்டான். எழும்பிப் போய்ப் பிடித்தேன்.